காவல் தேவதைக்குக் காலை ஷிப்டு

ஆவணப்படத்தின் முதல் காட்சியன்று கொடுத்த வழவழப்பான தாளில் இப்படி அச்சாகியிருந்தது: "மிங்கா தபகோவா. மறைந்த ராக் பாடகர் யாவோர் சக்காலோவின் அண்டை வீட்டார். கெடுபிடிகள் மிகுந்த ஆண்டுகளில், தன் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல், போலீஸ் வரும்போதெல்லாம் வெப்பக் குழாயைத் தட்டி இசைக்குழுவை எச்சரித்தவர். ஒரு தலைமுறையின் குரலுக்குக் காவல் தேவதை."

காவல் தேவதை அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு ஒருமுறையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் படித்தாள். இரண்டு முறையும் அதுவேதான் இருந்தது. நான்காக மடித்து, சமையலறை மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினாள். மேசை நேராக நின்றது. அந்தத் தாளால் அவளுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

மிங்காவுக்கு எழுபதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிளோவ்டிவ் நகரின் டிராக்கியா குடியிருப்பில், இரண்டாம் வாசல் வழியாக ஏறும் மூன்றாம் மாடியில், கட்டடம் முளைத்த நாளிலிருந்து இருக்கிறாள். ஓய்வு பெறும்வரை, தலைக்குமேல் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலிபஸ்ஸை ஓட்டினாள். ஊர் எழுந்திருக்குமுன் கிளம்பும் முதல் வண்டி அவளுடையது. நர்சுகள், ரொட்டிக்கடைக்காரர்கள், இரவுக்காவல் முடிந்து திரும்புகிறவர்கள் என்று பேசத் தெம்பில்லாத ஜனங்களை ஏற்றிக்கொண்டு போவாள். கணவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள்.

அவள் தலைக்கு நேர் மேலே, நான்காம் மாடியில், யாவோர். 'தூசி' என்று அவன் குழுவுக்குப் பெயர். அந்தக் குழு எல்லாவற்றையும் கிளப்பியது, தூசியைத் தவிர. கித்தார், டிரம்ஸ், பழைய வானொலியைப் பிரித்துச் செய்த ஒலிபெருக்கி எல்லாம் அந்தச் சின்ன அறையில்தான் இருந்தன. ராத்திரி பத்து மணிக்குமேல்தான் அவர்களுக்கு இசை வரும்.

இந்த மாதிரிக் கட்டடங்களில் சத்தத்துக்காக யாரும் மாடியேறிப் போய் மணியடித்துச் சண்டை போடுவதில்லை. அது மரியாதைக் குறைவு. நிலவறையிலிருந்து எட்டாம் மாடிவரை குளிருக்கு வெந்நீரைச் சுமந்து ஒவ்வொரு வீட்டையும் துளைத்துக்கொண்டு போகிற வெப்பக் குழாய் எதற்கு இருக்கிறது? கையில் அகப்பட்டதை எடுத்து அதில் நாலு அடி அடித்தால், வேண்டியவனுக்கும் கேட்கும், வேண்டாத பதினைந்து குடும்பத்துக்கும் கேட்கும். மிங்காவின் கையில் அகப்பட்டது, வால்நட் இடிக்கிற பித்தளைச் சிற்றுரலின் உலக்கை. நல்ல கனம்.

முதலில் மெதுவாகத்தான் அடித்தாள். ஒரு குளிர்காலத்து விடியலில், மரித்ஸா ஆற்றுப் பாலத்தருகே, அவள் கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. எப்போது மூடினாள் என்று அவளுக்குத் தெரியாது. வண்டி ஓரமாக ஒதுங்கியதில் கூரைக்கம்பு மேலே ஓடும் கம்பியிலிருந்து கழன்று, மின்சாரம் போய், தானாக நின்றிருக்கிறது. இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்துக் கம்பை மறுபடி மாட்டிவிட்டு, ஏறி ஓட்டினாள். பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து குழாயில் விழுந்த அடி வேறு மாதிரியாக இருந்தது.

அந்த அடிதான் பிரபலமானது. யாவோர் வீட்டிலேயே நாடாவில் பதிவு செய்த 'ஈரக் காலணி' என்ற பாட்டின் நடுவில் மூன்று முறை டங், டங், டங் என்று கேட்கும். உடனே கித்தார் சட்டென்று நிற்கும். அந்த நாடா கைக்குக் கை பிரதியாகி நாடு முழுக்கச் சுற்றியது. கச்சேரிகளில் அந்த இடம் வரும்போது ஜனங்கள் மூன்று முறை காலால் தரையை உதைப்பது வழக்கமாயிற்று. யாவோர் நாற்பது சொச்சம் வயதில் இதயம் நின்று இறந்த பிறகும் உதைத்தார்கள். யார் தூக்கத்தின்மேல் உதைக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த மர்மத்தைத்தான் பிளாகோ என்கிற இளம் இயக்குநர் தன் ஆவணப்படத்தில் விடுவித்திருந்தான். பிளாகோ வளர்ந்தது தோட்டம் வைத்த தனி வீட்டில். குழாயைத் தட்டினால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பாஸ் கித்தார் வாசித்த ஸ்பாஸிடம் கேட்டான். இப்போது கார் கழுவும் கடை வைத்திருக்கும் ஸ்பாஸ், கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் கேட்டவர் மனம் கோணாமல் அனுப்பிவைக்கிற ரகம்.

கலாசார இல்லத்தில் முதல் காட்சி. மிங்காவுக்கு முன்வரிசையில் இடம். திரையில் பனி பெய்தது, பியானோ அழுதது, மெழுகுவர்த்தி எரிந்தது. யாவோர் ஜன்னலோரம் ஒல்லியாக நின்று எதையோ பார்த்தான். ஸ்பாஸ் வந்து, தொண்டை கரகரக்க, "கீழ்வீட்டு அக்கா தட்டுவாங்க. தட்டினா போலீஸ் படியேறுதுன்னு அர்த்தம். எத்தனை தடவை எங்களைக் காப்பாத்தினாங்க!" என்றான். உடனே மிங்காவின் முகம் வந்தது. பிளாகோ அவளோடு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படம் பிடித்திருந்தான். காலை ஷிப்டு, பாலம், கம்பு, கயிறு என்று எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். திரையில் அவள், "ஆமா, நான்தான் தட்டினேன்," என்றாள். பியானோ மறுபடி அழுதது. அவ்வளவுதான் அவள் பங்கு.

அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம். பிறகு 'ஈரக் காலணி' வந்தது. முந்நூறு ஜோடிக் கால்கள் மூன்று முறை தரையை உதைத்தன. அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் வாழ்க்கையில் ஒருமுறையாவது குழாயைத் தட்டியவர்கள். மீதிப்பேர் தட்டு வாங்கியவர்கள். ஆனாலும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தன் வீட்டுக் குழாய் வேறு, படத்தில் வருகிற குழாய் வேறு என்று ஜனங்களுக்கு ஒரு தெளிவு உண்டு.

விளக்கைப் போட்டதும் மிங்கா எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். போலீசும் இல்ல, கீலீசும் இல்ல. எனக்குக் காலைல வேலை. இவனுங்க தூங்க விடல. அதான் அடிச்சேன்."

உடனே கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். பின்வரிசையில் நரைத்த குடுமி வைத்த ஒருவன், "பாருங்கய்யா, இத்தனை வருஷம் கழிச்சும் பெருமை அடிச்சுக்கல!" என்று கத்தினான்.

வெளியே கூடத்தில் ஸ்பாஸின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஏண்டா, எந்தப் போலீஸ்டா?"

"அக்கா, ஒரு தடவை நெஜமாவே நடந்துச்சுக்கா. நீங்க அடிச்சீங்க, நாங்க நிறுத்திட்டுச் சாப்பிட உக்காந்தோம். பத்து நிமிஷத்துல வட்டாரப் போலீஸ்காரர் வந்து நிக்கிறாரு. பார்த்தா எல்லாரும் ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். அவருக்கும் ஒரு தட்டு வெச்சோம், சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு."

"அது எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா நடந்துச்சுல்ல? ஒரு தடவை நடந்ததை நான் கொஞ்சம் அடிக்கடி நடந்ததா சொன்னேன். பையன் ஆசையா கேட்டான்க்கா."

ஆக, அவள் அவர்களைக் காப்பாற்றியதும் உண்மை. காப்பாற்ற நினைக்கவே இல்லை என்பதும் உண்மை. படத்துக்கு முதல் பாதி போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து இரண்டாம் வாசலில் வாழ்க்கை மாறிவிட்டது. இரண்டாம் மாடி பெத்ரானா, இத்தனை வருடமாகக் குப்பைக் கூடை விஷயத்தில் முகம் திருப்பிக்கொண்டு போனவள், சூடாகப் பனிட்சா ரொட்டி சுட்டு, துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். பாலாடைக்கட்டி தாராளமாக வைத்திருந்தாள். முன்பின் தெரியாத பெண்கள் கடையில் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வலென்சியாவில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த மகள், எப்போதும் மாத்திரை போட்டாயா என்பதோடு முடித்துக்கொள்பவள், அழுதுகொண்டே அழைத்தாள்.

"அம்மா, ஏம்மா இவ்வளவு நாள் எங்கிட்டகூடச் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீயும் அதே வீட்டுலதானடி இருந்த? நான் அடிக்கிறப்போ காதுல தலகாணிய அமுக்கிக்கிட்டுக் கத்துவியே!"

"சின்னப் புள்ளம்மா நான். எனக்கு என்ன புரியும்!" என்றாள் மகள், பெருமையாக.

மிங்காவுக்கு இது பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பனிட்சா பிடித்திருந்தது. மகள் தினமும் அழைப்பது அதைவிடப் பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு பாராட்டும் அவளிடமிருந்து எதையோ கழற்றிக்கொண்டு போனது. அத்தனை விடியல்களில் எழுந்து போனவள் எவளோ, அவள் இப்போது எங்குமே இல்லை. படத்தின்படி மிங்கா ராத்திரி பூராவும் குழாயருகே விழித்திருந்தாள். விழித்திருந்து பாடினவர்கள் பெரியவர்கள், விழித்திருந்து காத்தவளும் பெரியவள். ஊரைக் காலையில் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் செய்தது சரி. சரியாகச் செய்ததைப் பிடுங்கிக்கொண்டு, செய்யாததற்கு மாலை போட்டார்கள்.

பெத்ரானா தன் கைப்பேசியில், இணையத்திலிருந்த படத்தின் முன்னோட்டத்துக்கு அடியில் ஜனங்கள் எழுதியதை உரக்கப் படித்தாள். "'இந்த அம்மாவுக்குச் சிலை வைக்கணும்.' 'எங்க வாசல்ல இப்படி ஒருத்தர் இருந்திருந்தா என் வாழ்க்கையே வேற.' 'அழுதுட்டேன்.' 'நானும்.' 'தேவதை.' அய்யய்யே, இது ஒண்ணு..."

"என்ன?"

"வேண்டாம்க்கா. எவனோ பொறாமை புடிச்சவன்."

"படிடீ."

"'நான் முதல் வாசல்ல, அவங்க சுவரை ஒட்டின வீட்டுல குடியிருந்தேன். தேவதையாவது கீவதையாவது! சூனியக்காரி. அவ குழாயை அடிச்சா எங்க வீட்டுக் குழந்தை எழுந்துக்கும்.'"

மிங்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். படம் வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை.

"யாருடி அது? பேரு போட்டிருக்கா?"

"இல்லக்கா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"அந்த இதயக்குறி இருக்கே, அதை அதுக்குப் போடு. போட்டுட்டு, 'நீங்க சொல்றதுதான் சரி. இப்படிக்கு, மிங்கா' அப்படின்னு எழுது."

பெத்ரானா தயங்கித் தயங்கி எழுதினாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பதிலுக்கு அடியில் ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள். தன்னைச் சூனியக்காரி என்றவனையும் மன்னித்த தாயுள்ளத்தைப் புகழ்ந்தார்கள். சூனியக்காரி என்றவன் வெட்கப்பட்டு, எழுதியதை அழித்துவிட்டான். நாட்டிலேயே அவளைச் சரியாக அறிந்திருந்த ஒரே மனிதன் அப்படிக் காணாமல் போனான்.

அடுத்த வாரம் பிளாகோ பூங்கொத்தோடு வந்தான். யாவோரின் நினைவு நாளன்று வாசல் கதவருகே பளிங்குப் பலகை திறக்கப்போகிறார்களாம். எழுத்து வெட்டியாகிவிட்டது. 'இங்கே யாவோர் சக்காலோவ் வாழ்ந்தார். அண்டை வீட்டின் தட்டல் அவரைக் காத்தது.' திரையை விலக்கப்போவது மிங்கா.

"தம்பி, இங்க வா. உக்காரு. எனக்குக் காலைல ஷிப்டு. புரியுதா?"

"புரியுதும்மா."

"தூக்கம் வரும். அதனால அடிச்சேன்."

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு ஸ்பாஸ் சொன்னாரு," என்றான் பிளாகோ. கண்கள் பளபளத்தன. "உங்க தலைமுறைக்கே இந்தத் தன்னடக்கம்..."

"என் தலைமுறையை விடு! அந்தச் சமையலறையில நீ எடுத்ததையெல்லாம் என்ன பண்ணின?"

"டிராலிபஸ் விஷயம் ரொம்ப அழகா இருந்துச்சும்மா. ஆனா அது வேற படம்."

அவன் போன பிறகு மிங்கா பூங்கொத்தைத் தண்ணீரில் வைத்தாள். பூ என்ன பாவம் செய்தது! மேசையில் உட்கார்ந்து யோசித்தாள். வாயால் சொன்னால் கைதட்டுகிறார்கள். எழுதினால் இதயக்குறி போடுகிறார்கள். இந்த ஊரில் எதைச் சொன்னால் அப்படியே நம்புவார்கள்? பால்காரன் சொல்வதை நம்ப மாட்டார்கள், பத்திரிகையை நம்ப மாட்டார்கள், அமைச்சரைச் சொல்லவே வேண்டாம். கறுப்புக் கட்டம் போட்டு வாசல் கதவில் ஒட்டிய நினைவஞ்சலியை மட்டும் கடைசி எழுத்துவரை நின்று படிப்பார்கள். செத்தவர் பேரில் ஒட்டிய தாளை எவனும் கிழிக்கவும் மாட்டான், மழைதான் கிழிக்கவேண்டும்.

ஒவ்வொரு வருடமும் யாவோரின் அம்மா வாஸ்கா அப்படி ஒன்று ஒட்டுவாள். 'நீ இல்லாமல் இத்தனை ஆண்டுகள்' என்று. ஆகவே மேலே போகவேண்டும். மிங்கா படத்தைப் பற்றி எல்லோரிடமும் பேசியிருந்தாள், வாஸ்காவிடம் மட்டும் பேசவில்லை. பயம். அந்தக் கிழவிக்கு எண்பத்துக்கு மேல் ஆகிறது. 'இந்த வாசலில் ஒருத்தியாவது என் பையன் பக்கம் இருந்தாள்' என்று நினைத்து அவள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றால், அந்தத் தூக்கத்தைக் கெடுக்க மிங்காவுக்கு என்ன உரிமை? தூக்கம் கெடுவது என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

மாடியேறினாள். மணியடித்தாள். சத்தத்துக்காக ஒருநாளும் அடிக்காத மணி.

வாஸ்கா குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வா மிங்கா. என்னடா இது, தேவதை பறந்து வரும்னு பார்த்தேன், மூச்சு வாங்கிக்கிட்டுப் படியேறி வருது!"

"வாஸ்காக்கா, கேலி பண்ணாதீங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் குழாயை நான்..."

"அறைஞ்சே. எனக்குத் தெரியாதா? எனக்கு அப்ப காது நல்லா கேக்கும்."

மிங்கா உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டா? அந்தப் பையன் வந்தான். யாவோர் சின்ன வயசுல சோகமா இருப்பானான்னு கேட்டான். பசிச்சா இருப்பான்னு சொன்னேன். அதைப் படத்துல காணோம்." வாஸ்கா ஒரு மிளகாயை வாணலியில் நிறுத்தி வைத்தாள். "படத்தைப் பார்த்துட்டு வந்து நான் அழுதேன் மிங்கா. எல்லாரும் அழுதாங்க, நான் வேற காரணத்துக்கு. அது யாரு அது, ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு? ஒல்லியா, வாயே திறக்காம? என் பையன் ஒரு வாணலி மிளகாயைத் தனியா தின்னுவான். கதவைச் சாத்தினா வீடு ஆடும். கழிப்பறையில உக்காந்து பாடுவான். அந்தப் படத்துல அவன் சத்தமே போடல மிங்கா. பியானோவ வெச்சு அமுக்கிட்டாங்க."

"சத்தமா போடாம இருந்தான்! என் காது இன்னும் இரையுது."

"ம். சொல்லு, சொல்லு," என்றாள் வாஸ்கா. முதல்முறையாகக் கை நின்றது. "இன்னும் சொல்லு. எப்படிப் போடுவான்?"

"டிரம்ஸ் அடிக்கிறவன் போனப்புறமும் நிறுத்த மாட்டான். காலால உதைப்பான். என் விளக்கு ஆடும். ஒரு நாள் சுண்ணாம்பு பெயர்ந்து என் சூப்புல விழுந்துச்சு."

வாஸ்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலுக்குக் கட்டியிருந்த மேல்துணியால் கண்ணைத் துடைத்தாள். "நீ அடிக்கணும்னு நான் காத்துக்கிட்டிருப்பேன். நான் போய் நிறுத்துடான்னா சண்டைக்கு வருவான். நீ அடிச்சா நிறுத்திட்டு வந்து சாப்பிடுவான். மறுநாள் காலைல நீ போறது ஜன்னல்லேருந்து தெரியும். இருட்டுல தனியா, பையைத் தூக்கிக்கிட்டு. பாவமா இருக்கும். ஆனா இறங்கி வந்து மன்னிப்பு கேக்கல. என் பையனாச்சே, விட்டுக் கொடுக்க முடியல."

இந்த வருடத்து அறிவிப்பை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். அதில்கூடத் தகராறு. 'பொறுப்பில்லாமல்' என்ற சொல்லை மிங்கா போட்டாள், வாஸ்கா அடித்தாள். 'அழகாக' என்ற சொல்லை வாஸ்கா போட்டாள், மிங்கா அடித்தாள். படமாக, ஜன்னலோரத்துச் சோக முகம் வேண்டாமென்று, வாய் நிறையச் சோற்றோடு யாவோர் எதையோ கத்துகிற பழைய புகைப்படத்தை வாஸ்கா இழுப்பறையிலிருந்து எடுத்தாள்.

நினைவு நாள் காலையில் பிளாகோ வந்தபோது வாசல் கதவில் அது ஒட்டியிருந்தது:

"யாவோர் சக்காலோவ் இல்லாமல் இன்னொரு ஆண்டு. அவன் மிகவும் சத்தமாக வாசித்தான். மிளகாய் அடைத்தால் வாணலியோடு தின்பான். கதவை மெதுவாகச் சாத்த அவனுக்குத் தெரியாது. கீழ்வீட்டு மிங்கா குழாயை அடித்தது போலீஸ் வந்ததால் அல்ல. முதல் டிராலிபஸ்ஸை ஓட்ட அவள் இருட்டில் எழுந்திருக்கவேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தை மறக்காதவர்கள்: தாய் வாஸ்கா, அண்டை வீட்டு மிங்கா."

பிளாகோ படித்தான். பக்கத்தில் திரை போட்ட பளிங்கைப் பார்த்தான். அவன் கை தாளின் ஓரம்வரை போனது, அங்கேயே நின்றது. செத்தவர் தாளைக் கிழிக்கக் கூடாதென்பது தோட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கும் தெரிந்திருந்தது. "வாஸ்காம்மா, இது..." என்றான்.

"என் பையனோட அறிவிப்பு. எழுத்துப்பிழை ஏதாச்சும் இருக்கா?" என்றாள் வாஸ்கா.

கூட்டம் சேர்ந்திருந்தது. நரைத்த குடுமிக்காரன் முன்னால் வந்து அதை உரக்கப் படித்தான். மிளகாயில் சிலர் சிரித்தார்கள். மிங்காவின் பெயர் வந்ததும் சிரிப்பு அடங்கியது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கறுப்புக் கட்டத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை.

"எங்க கீழ்வீட்டுலயும் ஒருத்தி இருந்தா," என்றான் குடுமிக்காரன் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரொட்டிக்கடையில வேலை. கரண்டியால அடிப்பா. நாங்க இன்னும் சத்தமா வைப்போம்." பிறகு மிங்காவிடம், "எந்தப் பாதையில ஓட்டினீங்க?" என்றான்.

படம் வந்ததிலிருந்து அதைக் கேட்ட முதல் ஆள். மிங்கா சொன்னாள். நிறுத்தம் நிறுத்தமாகச் சொன்னாள். பாலத்துக்கு வந்தபோது பிளாகோவும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பளிங்குப் பலகை திறக்கப்பட்டது. வெட்டிய எழுத்தை ஒட்டவைக்க முடியாது. இப்போது கதவின் ஒரு பக்கம் பளிங்கு, ஒரு பக்கம் தாள். பார்க்க வருகிறவர்கள் பளிங்கைப் படம் எடுக்கிறார்கள், தாளைப் படிக்கிறார்கள். பெத்ரானாவின் பனிட்சா நின்றுவிட்டது. மகள் ஒரு வாரம் அழைக்கவில்லை. எட்டாம் நாள் அழைத்து, "அம்மா, பாலத்துல வண்டி நின்னுச்சுன்னு யாரோ எழுதியிருக்காங்களே, நெஜமா? எனக்கு அப்ப எத்தனை வயசு?" என்று கேட்டாள். தொலைக்காட்சியில் படம் ஓடும்போதெல்லாம் காவல் தேவதை இன்னும் ஒருமுறை, "ஆமா, நான்தான் தட்டினேன்," என்கிறாள்.

நடந்தது இதுதான். மிங்கா தபகோவா பல வருடம் விடியுமுன் எழுந்து, பிளோவ்டிவ் நகரின் முதல் டிராலிபஸ்ஸை ஓட்டி, ஜனங்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதற்கு அவள் தூங்கவேண்டியிருந்தது. தூங்க விடாதபோது குழாயை அடித்தாள்.